ஐடிஇ-யா, ஏஎச்சிஐ-யா, ரெய்டா? விண்டோஸ் போடும் முன் ஒரு முடிவு

கேள்வி: பெரம்பூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கியது; ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு. ஹார்ட் டிஸ்க் திணறுகிறது என்று ரிச்சி தெருவில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தேன். பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ‘சாட்டா மோடு’ என்ற இடத்தில் ஐடிஇ என்றிருக்கிறது. கடைக்காரர் “அதை அப்படியே விட்டுடுங்க” என்றார். மைத்துனர் ஏஎச்சிஐ-க்கு மாற்றச் சொல்கிறார். கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ரெய்டுதான் வேகம் என்கிறான். எதை வைத்து விண்டோஸ் போடுவது? இன்னொன்று: மகளின் புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. கூடவே உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ் போடலாம் என்று பார்த்தால், இன்டெல் ஆர்எஸ்டி-யை அணைத்துவிட்டு வரச் சொல்லிப் பாதியில் நின்றுவிடுகிறது. அணைக்கலாமா சார்?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. கடை கம்ப்யூட்டரில் ஏஎச்சிஐ வைத்து, அப்புறம் விண்டோஸ் போடுங்கள். ரெய்டு பேச்சுக்கே இடமில்லை. உங்கள் மதர்போர்டின் எச்61 சிப்செட்டில் (டிஸ்க்குகளையும் பிறவற்றையும் மேய்க்கும் சிப்பு) அந்த வசதி கிடையாது. இருந்தாலும் ஒற்றை எஸ்எஸ்டி-க்கு அதனால் ஒரு பலனும் வராது. இரண்டு மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாகக் காட்டுவதற்கோ, ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் நகல் வைப்பதற்கோ உள்ள ஏற்பாடு அது. பையனிடம் சொல்லிவிடுங்கள்.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறைதான் சாட்டா. இரண்டும் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்பதுதான் ‘சாட்டா மோடு’: ஏஎச்சிஐ சாட்டாவுக்கென்றே வந்த மொழி, ஐடிஇ அதற்கு முந்தையது. ஐடிஇ மோடு என்பது ஒரு வேஷம். சாட்டா வந்த புதிதில், அதைத் தெரியாத பழைய விண்டோஸ்கள் பயந்துவிடாதபடி, “நான் அந்தக் காலத்துப் பட்டை கேபிள் டிஸ்க்தான்” என்று மதர்போர்டு நடிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஏஎச்சிஐ டிரைவர் (அந்த மொழியில் டிஸ்க்கோடு பேசத் தெரிந்த சிறு நிரல்) கூடவே வராது. நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் சர்வீஸ்காரர்கள் எல்லாவற்றையும் ஐடிஇ-யில் வைத்துப் பழகினார்கள். உங்கள் கடைக்காரர் சொன்னதும் அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். 2007-இல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸிலேயே அந்த டிரைவர் இருக்கிறது. இன்றைக்கும் ஐடிஇ தேவைப்படுவது, ஏதோ பழைய மெஷினை ஓட்டுவதற்காக எக்ஸ்பி-யை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான்.

ஏஎச்சிஐ-யில் என்ன லாபம்? கேஸ் சிலிண்டர் போடும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். கேட்ட வரிசையிலேயே போனால் ஒரே தெருவுக்கு மூன்று முறை வண்டி மிதிக்க வேண்டும். ஐந்து சீட்டையும் கையில் வாங்கிக்கொண்டால், போகிற வழியில் வரிசையாக இறக்கிவிட்டுப் போவான். ஐடிஇ-யில் டிஸ்க்குக்கு ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான். ஏஎச்சிஐ-யில் 32 வரை ஒன்றாகக் கொடுக்கலாம்; எப்படிப் போவது என்பதை டிஸ்க்கே பார்த்துக்கொள்ளும். எஸ்எஸ்டி-க்கு ஓடிச் சுற்ற வேண்டிய தட்டு இல்லைதான். ஆனால் அதற்குள் இருக்கும் பல சிப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வேலை பிரித்துக் கொடுக்க இந்தச் சீட்டுக் கட்டு வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். எச்61 போர்டின் சாட்டா, நொடிக்கு 3 கிகாபிட் வகை. எஸ்எஸ்டி பெட்டியில் 500-க்கு மேல் எம்பி என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு அதில் பாதி வந்தால் பெரிது. எஸ்எஸ்டி போலி என்று ரிச்சி தெருவுக்குத் திரும்ப ஓட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அந்தப் பாதியே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, இதை ஏன் நிறுவும் முன்பே செய்ய வேண்டும்? பல பேர் இடறி விழுவது இங்கேதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் சில கோப்புகளை பயாஸின் உதவியோடு படித்துவிடலாம். அதன் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் டிஸ்க்கைத் தொடும். எந்த டிரைவர் வேண்டும் என்பதை நிறுவும் நாளிலேயே பார்த்து, அதை மட்டும் “எழுந்ததும் முதல் வேலை” பட்டியலில் சேர்த்துவிடும். மற்ற டிரைவர்கள் டிஸ்க்கிலேயே கிடந்தாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஐடிஇ-யில் நிறுவிவிட்டு மறுநாள் பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றினால், பட்டியலில் இருக்கும் டிரைவருக்கு இந்தக் கதவைத் திறக்கத் தெரியாது. தெரிந்த டிரைவரோ கதவுக்கு உள்ளே தூங்குகிறது. சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. நீலத்திரை வரும், அதில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்றோ, 7பி என்று முடியும் எண்ணோ இருக்கும்.

நானும் ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் நண்பரின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை சீசன். “வேகமாக்கித் தருகிறேன்” என்று பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு ஜம்பமாக உட்கார்ந்தேன். வந்தது நீலத்திரை. நண்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழையபடி ஐடிஇ என்று வைத்ததும் எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் எழுந்து வந்தது. அன்று தெரிந்துகொண்டது இது: மோடை மாற்றியதால் மட்டும் டேட்டா அழிவதில்லை, திருப்பி வைத்தால் வழி பிறக்கும். நிஜமாகவே இரண்டு மூன்று டிஸ்க்குகளை ரெய்டாகக் கட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் கை வைக்கவே கூடாது.

உங்கள் டெஸ்க்டாப்புக்குச் செய்ய வேண்டியது எளிது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி-யை மட்டும் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் வைத்துத் தொலைக்கிற புத்தி விண்டோஸ் நிறுவிக்கு உண்டு. டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ வைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்து, பென் டிரைவிலிருந்து நிறுவுங்கள். அந்தத் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எந்த ஓஎஸ் என்பதையும் ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள். புதிதாக நிறுவாமல் பழைய விண்டோஸையே அப்படியே எஸ்எஸ்டி-க்கு நகலெடுப்பதாக (குளோன்) இருந்தால் கதை வேறு. அது ஐடிஇ-யில் பிறந்தது. அது விண்டோஸ் 10 என்றால், கீழே லேப்டாப்புக்குச் சொல்லும் சேஃப் மோடு வழிதான் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸை எழுப்புவது) அதற்கும்.

இப்போது மகளின் லேப்டாப். இங்கே ஐடிஇ கிடையாது. கடந்த சில ஆண்டுகளில் வந்த இன்டெல் லேப்டாப்புகளில் என்விஎம்இ எஸ்எஸ்டி-க்கு (சாட்டா இல்லாத புது வகை) முன்னால், டிஸ்க்கை மேய்க்க ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற ஏற்பாட்டை இன்டெல் நிற்க வைக்கிறது. பயாஸில் ‘விஎம்டி கன்ட்ரோலர்’, ‘ரெய்டு ஆன்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஏசரில் அந்த வரியே கண்ணில் படாது. மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் எட்டிப்பார்க்கும். ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இதை அணைப்பதால் வேகம் குறைந்தது என்று நீங்கள் உணரப்போவதில்லை. அணைக்கலாம். ஆனால் உள்ளே விண்டோஸ் இருக்கிறதே, அதைப் புது டிரைவருக்குப் பழக்கிவிட்டுத்தான் அணைக்க வேண்டும்.

முதலில் மகளின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 ஹோமில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள். உபுண்டுவுக்கு இடம் பிரிக்கவும் அது தடைதான். அணைக்கச் சொன்னதும் உடனே முடியாது. டிஸ்க் முழுவதையும் பிரித்து எழுத நேரமாகும். முடியும்வரை காத்திருங்கள்.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டி, பூட் பக்கத்தில் ‘சேஃப் பூட்’, ‘மினிமல்’ இரண்டையும் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் எழும் முன்பே பயாஸுக்குள் நுழைந்து (பெரும்பாலும் எஃப்2, எச்பி-யில் எஃப்10) விஎம்டி-யை அணையுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தூங்குகிற டிரைவர்களையும் தட்டி எழுப்பிப் பார்க்கும். பொருந்துவதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். உள்ளே வந்ததும் எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். அவ்வளவுதான். சேஃப் மோடில் சில நேரம் பின் நம்பர் எடுபடாது; அதனால் கணக்கின் முழு பாஸ்வேர்டு மகளுக்கு நினைவிருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். நீலத்திரை வந்தாலும் பதறாமல் விஎம்டி-யைத் திரும்ப ஆன் செய்யுங்கள், பழையபடி எழுந்துவிடும்.

கடைசியாக, உங்கள் கடை கம்ப்யூட்டருக்கு மறுபடி வருகிறேன். பழைய மதர்போர்டில் காசு வடிவில் சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால், இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில், காலையில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துபோய் ஐடிஇ-க்கே திரும்பிவிடும். நேற்று வரை ஓடிய விண்டோஸ் நீலத்திரை காட்டும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று யாராவது பில் போட வருவார்கள். கடிகாரமும் பழைய தேதி காட்டினால் குற்றவாளி பேட்டரிதான். எஸ்எஸ்டி மாட்ட மூடியைத் திறக்கும் அன்றே புதியது ஒன்று போட்டுவிட்டு, அப்புறம் பயாஸைச் சரிசெய்து, அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.