பின் பிரேக் பிஸ்டன் உள்ளே போகவில்லையா? அழுத்தாதீர்கள், திருகுங்கள்

பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றும்போது பின் பிஸ்டனை சி-கிளாம்ப்பால், அதாவது திருகி இறுக்கும் கவ்வியால், அழுத்தியும் உள்ளே போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கிளாம்ப்பை முதலில் கழற்றிவிடுங்கள். முன் சக்கரத்தில் சுலபமாக உள்ளே போன பிஸ்டன் பின் சக்கரத்தில் அசையவே இல்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் திருகி உள்ளே தள்ள வேண்டிய வகையாக இருக்கும். ஹேண்ட்பிரேக் அந்தக் காலிப்பருக்குள்ளேயே (பிஸ்டனும் பேடும் இருக்கும் பிரேக் பகுதி) வேலை செய்வதால் உள்ளே ஒரு மரை இருக்கும், அதோடு மல்லுக்கட்டினால் காலிப்பர்தான் பாழாகும்.

பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். பள்ளமோ குறுக்குவெட்டோ இருந்து, ஹேண்ட்பிரேக் கேபிளும் காலிப்பரில் மாட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுவித்து, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் தளர்த்திவிட்டு, அதற்கான டூலால் அழுத்தியபடியே திருகுங்கள். பொதுவாக வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை. ரப்பர் உறை முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள், அது கிழிந்தால் தண்ணீரும் தூசியும் புகுந்து பிஸ்டன் துருப்பிடிக்கும். பேடின் பின்னால் சின்ன முளை இருந்தால் பிஸ்டனின் பள்ளம் அதற்கு நேராக நிற்க வேண்டும், இதைக் கவனிக்காமல் மாட்டினால் பேட் ஒரு பக்கமாகத் தேயும்.

திருகியும் அசையவில்லையா? காலிப்பரில் பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து முயலுங்கள். அப்போது போனால் பிரேக் ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், அப்போதும் போகவில்லை என்றால் பிஸ்டன் இறுகிவிட்டது என்றுதான் அர்த்தம். நிப்பிளைத் திறந்தால் காற்று புகுந்திருக்கலாம், அப்புறம் பிளீட் செய்யாமல் (அந்தக் காற்றை வெளியேற்றாமல்) விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: ஹேண்ட்பிரேக் பட்டனில் இயங்கும் வண்டி என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம், முதலில் சர்வீஸ் மோடில் போட்டு ஹேண்ட்பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். எந்த வண்டியானாலும், நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள்.