ஜீப்புக்குப் புது ஆக்சில் போடலாமா?

கேள்வி: ஐயா, அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த 1968 மாடல் மகிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் ஜீப், இப்போது என்னிடம் இருக்கிறது. 60 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது. காயலாங்கடையில் பொலேரோ பின் ஆக்சில் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: செய்யலாம், ஆனால் உங்கள் மெக்கானிக் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். அலறுவதற்குக் காரணம் ஆக்சிலின் வயது இல்லை, உள்ளே இருக்கும் கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்ட் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரமும் (பினியன்), அது சுழற்றும் பெரிய பல்சக்கரமும் (கிரவுன்). 43 பல்லுக்கு 8 பல், அதாவது 5.38 விகிதம், சேற்றிலும் மேட்டிலும் இழுப்பதற்காக வைத்தது. 28 அங்குல உயரமுள்ள டயரோடு டாப் கியரில் 60-ல் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2400 சுற்று, 80-ல் 3200 சுற்று சுற்றும். 4.1 விகித ஆக்சில் போட்டால் 80-ல் 2450 சுற்றுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவையிலும் கால் பங்கு போய்விடும். போடிமெட்டுக்கு நாலு மூட்டையோடு ஏறும்போது டாப்பில் போன இடத்தில் இரண்டாம் கியர் கேட்கும்.

அப்புறம், முன் ஆக்சிலை மறந்துவிட்டீர்கள். அது 5.38-லேயே இருக்க, பின்னால் மட்டும் 4.1 ஆனால், ஃபோர் வீல் போட்ட அடுத்த நிமிடமே இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போடும், பலவீனமான ஏதோ ஒரு ஜாயின்டோ பல்லோ உடையும். அந்த லீவரைத் தொடவே மாட்டேன் என்றால் சரி, ஆனால் ஃபோர் வீல் இல்லாத ஜீப் எதற்கு?

இன்னொரு சிக்கல், கீழே குனிந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். உங்கள் வண்டியின் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்க ஷாஃப்ட் நடுவில் வராது, ஒரு பக்கமாகத் தள்ளி வரும், அதற்கேற்ப ஆக்சிலில் கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் தள்ளியே இருக்கும். புது வண்டி ஆக்சிலில் உருண்டை பெரும்பாலும் நடுவில், அல்லது நடுவை ஒட்டி. நேராகப் போக வேண்டிய ஷாஃப்ட் கோணலாகப் போய் அதன் ஜாயின்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டை, கிராஸை, தேய்த்துத் தின்னும். அகலமும் ஒத்துப்போகாது. உங்கள் ஜீப்பில் இடது சக்கர நடுவிலிருந்து வலது சக்கர நடுவுக்கு 48 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும், பொலேரோ அதைவிட நன்றாகவே அகலம். ஆக்சிலின் வெளிக்குழாயான டியூபை வெட்டிச் சுருக்கி, அதற்குள் இருக்கும் ஷாஃப்டையும் குட்டையாக்க வேண்டும், அது தெருமுனை லேத் வேலை இல்லை. ஸ்பிரிங் உட்காரும் தட்டை வெல்ட் செய்வதும் கடைசியில்தான்: முதலில் புள்ளி வெல்ட் மட்டும், வண்டியின் முழு எடையையும் ஸ்பிரிங் மேல் இறக்கி, பினியன் கோணத்தைப் பார்த்து, பிறகு விட்டு விட்டு ஆறவைத்து வெல்ட். ஒரே மூச்சில் பொசுக்கினால் டியூப் வளைந்துவிடும்.

பிரேக்கைச் சொல்லாமல் விட முடியாது. நண்பர் ஒருவர் முன்னால் பழைய சின்ன டிரம்மை வைத்துக்கொண்டு பின்னால் பெரிய டிரம் உள்ள ஆக்சிலைப் போட்டார். முதல் மழையில் அழுத்திப் பிடித்ததும் பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது. பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

காகித விஷயமும் இருக்கிறது. 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணமிருந்தால், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக்சில் மாற்றத்தை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பழைய ஹவுசிங்கை, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டை, அப்படியே வைத்து, முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் வேறு கிரவுன் பினியன் தேடுவேன். அல்லது டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் மாட்டும் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் பெட்டி) எங்காவது கிடைத்தால் விடமாட்டேன், அது இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து வேகம் தரும். கிடைப்பது குதிரைக்கொம்பு.

எதை வாங்கினாலும் கடையிலேயே எண்ணிப் பாருங்கள். ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், பினியன் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

கேள்வி: என் பழைய ஜீப்பின் பின் சக்கரம் மாட்டும் ஹப் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் அடிக்கலாமா? (கம்பம் வாசகர்)

பதில்: வேண்டாம், அடி உள்ளே பேரிங்கில் போய் விழும். ஷாஃப்ட் கூம்பு வடிவம், ஹப் அதில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அதை இழுத்துக் கழற்றும் நல்ல புல்லர் தேவை. இல்லையென்றால் நட்டைக் கழற்றாமல் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னை மாட்டி, காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள். டப்பென்று ஒரு சத்தம் வரும், நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆக்சில் ஆயில் கசிந்து பிரேக் ஷூ நனைகிறது. சீல் இரண்டு முறை மாற்றிவிட்டேன். (தேனி வாசகர்)

பதில்: ஹவுசிங் மேலே உள்ள பிரீதரை, அதாவது காற்றுப் போகும் சின்னத் துளையை, சுத்தம் செய்தீர்களா? சேறு அடைத்தால் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எந்த சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஒரு கம்பி போதும்.