மூணாறில் மீட்டர் ஏறுகிறது. கர்ப்பிணி மகள் அங்கே இருக்கலாமா?

கேள்வி: என் மகள் மூணாறில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறாள். மூன்று மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை கதிர்வீச்சு அளக்கும் கைக்கருவி ஒன்று வாங்கியிருக்கிறார். போடியில் எங்கள் மொட்டைமாடியில் மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட், மூணாறு வீட்டுக்குள் 0.21. மலை உயரம்தான் காரணம் என்கிறார். மகளைக் கீழே அழைத்து வந்துவிடட்டுமா?

பதில்: அழைத்து வாருங்கள், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும். மீட்டருக்குப் பயந்து இப்போதே வேண்டாம்.

உயரம் கூடினால் விண்வெளிக் கதிர்வீச்சு கூடும் என்பது உண்மை. 1912இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தே காட்டினார். ஆனால் கடல்மட்டத்தில் அது மணிக்குச் சுமார் 0.03தான். மூணாறின் 1,500 மீட்டரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பூமத்தியரேகைக்கு அருகில் பூமியின் காந்தப்புலம் நன்றாகவே தடுப்பதால் நம் பக்கம் இன்னும் குறைவு. ஆகவே நீங்கள் சொல்லும் 0.09 வித்தியாசத்தில் உயரத்தின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாது. மிச்சம் பாறை, மண், வீட்டுச் சுவர், கொஞ்சம் கருவியின் தடுமாற்றம். சிறிய கருவியில் நிமிடத்துக்குப் பதிவாகும் துடிப்புகள் சொற்பம். எண் தானாகவே ஏறி இறங்கும். மொட்டைமாடியையும் அறையையும் ஒப்பிட்டதும் சரியில்லை. இரண்டு ஊரிலும் வெட்டவெளியில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, அரை மணி நேரச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, 0.09 முழுவதும் மெய் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்துக்கு 0.6 மில்லிசீவர்ட்கூட ஆகாது (ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்). கருவின் உறுப்புக் குறைபாட்டை நினைத்து மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது 100 மில்லிசீவர்ட்டை ஒட்டித்தான். கேரளத்திலேயே அதிகக் கதிர்வீச்சு மலையில் இல்லை, கடலோரத்தில் இருக்கிறது: கருநாகப்பள்ளியின் தோரியம் கலந்த மணல். அங்கே தலைமுறைகளாக வாழும் மக்களில் ஏறத்தாழ 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அந்தக் கருவி காட்டாத ஒன்று உண்டு: நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு. இயற்கைக் கதிர்வீச்சில் பெரும்பங்கு அதுதான். குளிருக்கு அஞ்சிக் கதவு, ஜன்னலை அடைத்தே வைத்தால் அது உள்ளேயே தேங்கும். விறகடுப்புப் புகையும் கூடவே தேங்கும். கருவுக்கு அந்தப் புகைதான் நிச்சயமான கெடுதல். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹீமோகுளோபினையும் ரத்த அழுத்தத்தையும் மாதாமாதம் பார்க்கட்டும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது, அது வெறும் ஒலியலை. மாப்பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.