பதில்: பென்னாகரத்தில் காணாமல் போனவரும் மேட்டூர் அணை உடலும் ஒருவரா?

பென்னாகரத்தில் காணாமல் போனவரும் மேட்டூர் அணையில் கிடைத்த அடையாளம் தெரியாத உடலும் ஒருவர்தானா என்று கேட்டிருந்தீர்கள். காணாமல் போனவரின் குடும்பத்துக்கு இப்போது போன் செய்யாதீர்கள். உங்கள் ஊகம் தவறானால் அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிடும்.

காணாமல் போனவரின் வயதுக்கும் உடலுக்கு எழுதிய வயதுக்கும் (42, 55) உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். தண்ணீரில் கிடந்த உடல் ஊதி, நிறம் கறுத்துவிடும். உடலைப் பார்த்தவர் குத்துமதிப்பாக எழுதிய வயது அது. "மாநிறம்" என்பதையும் நம்பாதீர்கள். உயரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டுக்கொடுங்கள், வீட்டார் சொல்வதும் உத்தேசம்தான். ஒகேனக்கலில் விழுந்தவர் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஒதுங்குவது நடக்கக்கூடியதே. காவிரியின் எதிர்க்கரை கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டம் என்பதால் கர்நாடகப் பதிவுகளையும் பாருங்கள்.

முதலில் தேதி: கடைசியாகப் பார்த்த நாளுக்கு முன்பே உடல் கிடைத்திருந்தால் அதோடு முடிந்தது. அடுத்து பச்சை குத்திய அடையாளம், அறுவைத் தழும்பு, எலும்போடு சேர்த்துக் காலில் வைத்த உலோக பிளேட் (பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிடலாம்), சட்டைக் காலரில் டெய்லர் லேபிள். கறுப்பு அரைஞாண் கயிறு பலர் இடுப்பிலும் இருக்கும், அது அடையாளமே இல்லை.

பொருந்தினால் இரு காவல் நிலையத்துக்கும் குற்ற எண்களோடு, பொருந்தாதவற்றையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சந்தேக மரண வழக்கு பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவின் கீழ் இருக்கும். ஆதார் கைரேகையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சட்டம் அதைப் பகிர விடாது. உடலைப் புதைத்திருந்தாலும் எடுத்துவைத்த பல், எலும்பு, துணி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம் நல்லது. அண்ணன் தம்பி மட்டும் என்றால் முடிவு அவ்வளவு உறுதியாக வராது.