ராத்திரி கரண்ட் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பொய்த்தது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாலக்கோட்டுத் தக்காளி கருகியதை உருகி உருகி எழுதிய நீங்கள், அதற்குக் காரணமான நிலக்கரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் ஓசூரில் வேலை பார்க்கும் இன்ஜினியர். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். அதற்கு ஏற்றும் கரண்ட் மேட்டூரில் கரி எரித்து வருவதுதானே? இது ஏமாற்று வேலை இல்லையா? மேலைநாடுகள் இருநூறு வருஷம் எரித்துவிட்டு நம்மை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்? ஒகேனக்கல்லில் நீர்மின் நிலையம் கட்டியிருந்தால் நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. என்னைக் கேட்டால், விவசாயத்துக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தை நிறுத்தினாலே பாதி நிலக்கரி மிச்சமாகும். கடைசியாக ஒன்று: எங்கள் வீட்டு மாடியில் சோலார் போடலாமா? தனி ஆள் ஒருவன் செய்வதால் ஏதாவது மாறுமா?

க., ஓசூர்

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது கோபம்தான் வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நீங்கள் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வாசித்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நீங்கள் என் தம்பி வயசுப் பையன் என்பதும் தெரிகிறது.

ஸ்கூட்டர் விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். நீங்கள் இன்ஜினியர், பெட்ரோல் எஞ்சினில் முக்கால்வாசி வெறும் சூடாகப் போகிறது என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. இன்றைக்குக் கரி கரண்டில் ஓடும் ஸ்கூட்டர், கரண்ட் சுத்தமாக ஆக ஆகத் தானும் சுத்தமாகும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வழியே கிடையாது. மேலைநாட்டு நியாயமும் அப்படித்தான். அவர்கள் எரித்துத் தின்றது உண்மை, 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் போய், 2070க்குள் கரியமிலவாயு உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவோம் என்று நாமே கெடு சொன்னதும் உண்மை. எவன் முதலில் எரித்தான் என்று பார்த்தா பாலக்கோட்டு வானம் மழை பெய்யப்போகிறது? ஒகேனக்கல் இரண்டு மாநில வழக்கு, அதை விடுங்கள். கட்டி முடித்த மேட்டூரிலேயே பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் டர்பைன் சுற்றும்.

ஆனால் அந்த இலவச மின்சார வரி இருக்கிறதே, அதை விடமாட்டேன்.

பாதி நிலக்கரி என்று யார் சொன்னது? தமிழ்நாட்டுக் கரண்டில் பாசனத்துக்குப் போவது பாதிக்குப் பக்கத்தில்கூட வராது. அதிலும் பெரும்பாலான இணைப்புக்கு மீட்டரே கிடையாது, மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துப் போடும் உத்தேசக் கணக்குதான். இது போகட்டும். 1990 முதல் எல்லா விவசாயிக்கும் இலவசம்தான், ஆனால் அந்த இலவசம் எந்த நேரத்தில் வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

ராத்திரி வந்தது. பகலில் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம், அதாவது மூணு பேஸ், விட்டுவிட்டு வரும், நம்பி மடை திருப்ப முடியாது. ஊர் தூங்கியபிறகு வருவதுதான் நின்று வரும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு குண்டு பல்பு மாட்டியிருந்தது. மூணு பேஸும் வந்தால் அது எரியும். அது எரிந்தால் அப்பா எழுந்து, டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார், எங்கள் ஊரில் வயலைத்தான் கொல்லை என்போம். நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம், கண்விழித்துப் படிக்கிறேன் பேர்வழி என்று திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் பல்பைப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. படித்தது குறைவு, பல்பைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். ரெண்டு மணிக்குப் பல்பு எரிந்தது. அவரை எழுப்ப மனசு வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சித்தப்பாவை எழுப்பினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் போனார். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கூப்பாடு. கண்ணாடி விரியன். டிவிஎஸ் 50ல் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொள்ள, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். வலது காலை மட்டும் இன்றுவரை சாய்த்துத்தான் வைப்பார்.

"எனக்குக் கடிபட்டதுக்கு நீ ஏம்மா மொகத்தத் தூக்கி வெச்சிருக்கிற? உங்கப்பன் காய்ச்சலோட போயிருந்தா வந்திருக்கவே மாட்டான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஏன் ராத்திரி என்று அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டேன். பகல் கரண்டை ஆலையும் நகரமும் எடுத்துக்கொள்ளும். ராத்திரி அவர்கள் தூங்குவார்கள், ஆனால் கரி நிலையம் தூங்காது. கொதிகலனை அணைத்தால் மறுபடி சூடேற்ற மணிக்கணக்கில் ஆகும், அதற்கு எண்ணெய் வேறு எரிக்க வேண்டும். நம் அனல் நிலையங்களை முழுத்திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதே கஷ்டம் என்றிருந்தது. இப்போதுதான் 40க்கு இறக்கப் பார்க்கிறார்கள். அப்படி ராத்திரி மிஞ்சும் கரண்டை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டார்ச்சோடு போன என் சித்தப்பா. கரியின் நேரத்துக்கு மனுஷன் எழுந்தான் தம்பி. இதைத்தான் நீங்கள் இலவசம் என்கிறீர்கள்.

சூரியனுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது, அதன் பிடிவாதம் வேறு. நண்பகலில் கொட்டும், ஆறு மணிக்குக் கையை விரிக்கும். நாம் எல்லோரும் விளக்கு, ஏசி, மிக்ஸி என்று கேட்பது அதற்கப்புறம்தான். சாயங்காலத் தேவைக்குப் பேட்டரி வேண்டும், காடம்பாறை மாதிரி தண்ணீரை மேலே ஏற்றிவைத்து இறக்கும் நிலையங்கள் வேண்டும். எல்லாம் செலவு. ஆனால் கிணற்றுத் தண்ணீருக்குப் பேட்டரி எதற்கு? பகலில் இறைத்துத் தொட்டியில் நிறுத்தினால் தொட்டிதான் பேட்டரி. எத்தனை வேலைகளை ராத்திரியிலிருந்து பகலுக்கு நகர்த்த முடியும்? பாசனம் அலுங்காமல் நகரும். விவசாயத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் மின்பாதையைத் தனியாகப் பிரிப்பதை குஜராத் 2003லேயே தொடங்கிவிட்டது. அந்தப் பாதைகளுக்கென்றே சோலார் நிலையம் வைக்கும் திட்டத்தை மகாராஷ்டிரம் 2017ல் கொண்டுவந்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் 11 யூனிட். கரியில் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொல்லைக்கு, ஒரு ராத்திரிக்கு 11 கிலோ. இலவசத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் அதைப் பகலுக்கு மாற்றச் சொல்லியிருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

உங்கள் கோபத்தில் ஒரு ஓரம் நியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சித்தப்பாவே என்னைத் திட்டுவார். காசில்லாத கரண்ட் போர்வெல்லை ஆழமாக்கியது. எங்கள் கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றி, ஆயிரம் அடிக்கு இறங்கினோம். கருங்கல் பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீர், பல்லைக் கறையாக்கும் புளோரைடோடு வந்தது. எங்கள் பள்ளிக்கூடப் போட்டோவில் யாருமே பல் தெரியச் சிரித்திருக்கமாட்டோம். அந்தப் பல்லுக்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் காவிரியைக் கொண்டுவந்தார்கள், 2013ல். அதையும் மேடேற்ற மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். பகல் கரண்ட் தாராளமாகக் கிடைத்தால் இன்னும் ஐந்நூறு அடி இறங்குவோமா? எங்கள் ஊரை எனக்குத் தெரியும், இறங்குவோம். போருக்கு ஒரு வரம்பு இல்லாமல் சோலார் பம்பைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா இப்போது கொல்லைக்கே போவதில்லை, பையன்தான் பார்க்கிறான். ஆனால் ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரலையா என்றேன். "இல்லம்மா, பேஸ் வந்திருக்கான்னு பாத்தேன்" என்றார். அந்தப் பல்பைக் கழற்றி வருஷக்கணக்காகிறது.

நீங்கள் கேட்ட மாடி சோலாரை மறந்தே போனேன். போடுங்கள். 3 கிலோவாட் போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கிடைக்கும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. தனி ஆள் செய்து என்ன மாறும் என்ற கேள்வியை மட்டும் இனி என்னிடம் கேட்காதீர்கள், மேலே எழுதிய 11 யூனிட் கணக்கைப் பாருங்கள், ஒரு கொல்லையின் ஒரு ராத்திரி உங்கள் மாடியில் அடங்கிவிடும். தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், வாரம் ஒருமுறை தூசி துடையுங்கள். நிழல் விழுகிறது என்று வீட்டு மாமரத்தை வெட்டிவிட்டு மட்டும் எனக்கு அடுத்த கடிதம் போடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா