வீட்டுப் பத்திரத்தை வைத்து மகளைப் பைலட்டுக்குப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் வேலை செய்கிறேன். ஓய்வுபெற நான்கு வருஷம் இருக்கிறது. கொளத்தூரில் ஒரு சொந்த வீடு, மனைவியின் நகை, பி.எஃப். பணம், இவ்வளவுதான் எங்கள் சொத்து. மூத்த மகள் பிளஸ் டூ பயோ-மேத்ஸ் முடித்திருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே பைலட் ஆக வேண்டும் என்கிறாள். ஒரு ஆலோசனை மையத்தில் '45 லட்சம், 18 மாதம், வேலை நிச்சயம்' என்றார்கள். இந்த மாதமே 5 லட்சம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பையன் பத்தாவது படிக்கிறான். வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 5 லட்சத்தைக் கட்டாதீர்கள். மகளின் ஆசை தவறு என்பதால் இதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் விமானம் ஓட்டியவன் நான், அந்த வேலையை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் இந்தப் படிப்பில் பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஆயிரங்களில் முடியும் செலவை முதலில் செய்து, அதில் தேறினால் லட்சத்துக்குப் போக வேண்டும். உங்களிடம் லட்சத்தை முதலில் கேட்கிறார்கள்.

ஆயிரங்களில் முடிவது மெடிக்கல். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் முதல் கட்டமான கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்துவிட்டு, அதற்கான கோப்பு எண் வந்ததும், சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கிளாஸ் 1-க்குப் போக வேண்டும். பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் அது நடக்கும். கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினை இல்லை. ரத்தசோகை மாதிரி சரிசெய்யக்கூடியதாக இருந்தால் அவகாசம் கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். நிறக்குருடு போலச் சரிசெய்ய முடியாதது ஏதாவது இருந்தால் வழி அடைபடலாம்.

எங்கள் தெருவில் ஒரு பையன். அப்பா 12 லட்சம் கட்டி ஒரு பைலட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மெடிக்கல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். புள்ளி புள்ளியாக ஒரு அட்டையைக் காட்டி என்ன எண் என்று கேட்பார்களே, அதில் நமக்கெல்லாம் 74 என்று தெரியும். அவனுக்கு 21 என்று தெரிந்தது. சிவப்பும் பச்சையும் அவனுக்குக் கலந்து தெரிகிறது என்பது பத்தொன்பது வயது வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அவன் அம்மா இன்றும் என்னைப் பார்த்தால் அந்த அட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்.

மெடிக்கல் தேறியதா? அடுத்தது பரீட்சை. ஏர் நேவிகேஷன் (வழி கணிப்பது), மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன் (பறக்கும் விதிகள்), டெக்னிக்கல், அப்புறம் ரேடியோ பேசுவதற்கான ஆர்டிஆர். டிஜிசிஏ தாள்களில் தேற 70 சதவீத மதிப்பெண் வேண்டும். பலர் பறக்கப் போன இடத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். உங்கள் மகள் ஆறேழு மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே சென்னையில் கோச்சிங் போகட்டும். ஓரிரு லட்சத்தில் முடியும். நேவிகேஷன் தாளைப் பாஸ் செய்துவிட்டால் அவளுக்கும் தைரியம் வரும், உங்களுக்கும் வரும். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு பொறியியலுக்கோ பி.எஸ்சி.க்கோ போகலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

இப்போது அந்த 45 லட்சத்துக்கு வருவோம். சிபிஎல் எனப்படும் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணிநேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பாக. 45 லட்சம் என்பது பெரும்பாலும் இந்த 200 மணிநேரத்துக்கான கட்டணம் மட்டும்தான். விடுதி, சாப்பாடு, ஹெட்செட், பரீட்சைப் பயணம், சரியாக வராத பாடத்தை மறுபடி பறக்கும் கூடுதல் மணிநேரம் எல்லாம் தனி. லைசென்ஸ் வாங்கியதும் வேலை கிடைத்துவிடாது. ஏர்பஸ் ஏ320 போலக் குறிப்பிட்ட ஒரு விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங் வேண்டும், சிமுலேட்டரில் செய்வது. அதைக் கைக்காசில் செய்ய வேண்டி வந்தால் இன்னொரு 12 முதல் 18 லட்சம். எல்லாவற்றையும் கூட்டினால் 70, 75 லட்சம் ஆகும். இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற கம்பெனிகளின் கேடட் பைலட் திட்டத்தில் முதலிலேயே தேர்வு நடத்திப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். வேலைக்கு வழி கொஞ்சம் நேராக இருக்கும், ஆனால் செலவு ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். அங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தேற வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 'நிச்சயம்' என்ற சொல்லை எந்த ஒப்பந்தத்திலும் நான் பார்த்ததில்லை.

18 மாதம் என்பதும் எல்லாம் ஒத்துழைத்தால்தான். காலை ஐந்தரைக்கே கிளம்பி ஓடுதளத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பனி விலக எட்டரை ஆகும். அப்புறம் விமானத்தில் ஏதோ கோளாறு, மெக்கானிக் பார்க்கிறார். பதினொன்றுக்கு முறை வந்து, ஏறி இறங்கினால் அன்றைய லாக்புக்கில் 0.8 மணிநேரம். மறுநாள் பக்கவாட்டுக் காற்று, பறக்கவே முடியாது. ஜூனில் பருவமழை தொடங்கினால் வடக்கே பல பள்ளிகளில் வாரக்கணக்கில் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வராது. ஆகவே இரண்டரை வருஷம் என்று கணக்குப் போடுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பான கையேட்டை ஓரம் வைத்துவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம்? எத்தனை பயிற்றுநர்? எத்தனை மாணவர்? போன வருஷம் சேர்ந்தவர்கள் இப்போது எத்தனை மணிநேரத்தில் நிற்கிறார்கள்? அப்புறம் நீங்களே நேரில் போய், வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு முழுக்காலை உட்காருங்கள். எத்தனை முறை விமானம் ஏறுகிறது என்று எண்ணுங்கள். அங்கே டீ குடிக்க வரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள், எல்லாம் சொல்லிவிடுவார்கள். டிஜிசிஏ இப்போது பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் அமேதி பக்கம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத்தேர்வு உண்டு. அவளை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியானாலும் கட்டணத்தைப் பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள், மயங்க வேண்டாம். ரசீதில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறப்புப் பயிற்சிக்கு வரிவிலக்கு உண்டு என்று 2024-இல் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்திவிட்டது.

இனி வீட்டுக் கடன் விஷயம். 'வீட்டை வைத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொத்தின் மீது பொதுவாக வாங்கும் அடமானக் கடனில் அடுத்த மாதமே இ.எம்.ஐ. தொடங்கிவிடும். கல்விக் கடனுக்கு வீட்டை ஈடாகக் காட்டினால் படிப்புக் காலமும் அதற்குமேல் சில மாதங்களும் அவகாசம் கிடைக்கும். பழைய வருமானவரி முறையில் இருந்தால் கட்டும் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வரிக் கழிவும் உண்டு. வங்கியில் பேசும்போது கல்விக் கடன் என்றே கேளுங்கள்.

ஆனால் அவகாசக் காலத்திலும் வட்டி ஓடும். கணக்கு வசதிக்கு 60 லட்சம், 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 55,000. அதை மாதாமாதம் கட்டிவந்தால், படிப்பு முடிந்து பத்து வருஷத் தவணை ஏறக்குறைய 82,650. இரண்டு வருஷம் வட்டியைக் கட்டாமல் விட்டால் அசல் 73 லட்சத்தைத் தாண்டிவிடும், தவணை ஒரு லட்சத்துக்கு மேல். நீங்கள் ஓய்வு பெறுவதும் அந்தத் தவணை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வருகின்றன. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான்.

ஏனென்றால் லைசென்ஸுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல காலத்தில் அது ஆறு மாதம், கெட்ட காலத்தில் மூன்று வருஷம். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட். நம் சென்னையிலிருந்து இயங்கிய பாரமவுண்ட் 2010-இல் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அனுபவசாலி பைலட்டுகள் நூற்றுக்கணக்கில் வேலை தேடி வரிசையில் வந்து நிற்பார்கள், 200 மணிநேரக்காரர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். 2020 கொரோனாவில் வேலையில் இருந்தவர்களுக்கே சம்பளம் வெட்டப்பட்டது. காத்திருக்கும் நாளிலும் செலவு நிற்காது. மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக இரண்டு இன்ஜின் விமானத்தை ஒரு மணிநேரம் ஓட்டவே பல பத்தாயிரம் ஆகும். வேலை கிடைத்த பிறகும் பயிற்சி முடியும் வரை வருவது உதவித்தொகை அளவுதான். அதனால் ஒன்றரை வருஷ வட்டியையும் புதுப்பிக்கும் செலவையும் தனியாக எடுத்துவைக்க முடிந்தால் மட்டும் கடன் வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு நகையை ஒதுக்கிவைக்கலாம். பி.எஃப்-ஐத் தொடாதீர்கள். அது உங்கள் இருவரின் சாப்பாடு, பையனின் கல்லூரிப் பணம். பறக்கப் போவதற்கு முன்பே தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டப்படிப்பிலும் மகளைச் சேர்த்துவிடுங்கள். காத்திருக்கும் காலத்தில் கையில் ஒரு டிகிரி இருப்பது பெரிய துணை.

பணத்துக்கு வெளியே இருக்கும் விலையையும் அவளிடம் பேசுங்கள். காலை ஆறு மணி விமானம் என்றால் அதிகாலை மூன்றரை, நாலுக்குள் வண்டி வாசலில் நிற்கும். அதற்கு முன் எழுந்து குளித்துக் கிளம்ப வேண்டும். இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்தால் பகலில் தூங்க வேண்டும். நங்கநல்லூர் வீட்டில் என் அறை ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். என் மகள் சின்ன வயதில் அந்த அறையை 'ராத்திரி ரூம்' என்பாள். பள்ளி விட்டு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். அப்போது எனக்கு அது பெருமையாகப் பட்டது. இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. தீபாவளி, பொங்கல், கல்யாணம் எதற்கும் 'ரோஸ்டர் (பணி அட்டவணை) வரட்டும்' என்பதுதான் பதில். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டிய ஸ்டாண்ட்பை நாளில் வீட்டில் இருந்தாலும் வீட்டில் இல்லை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்து போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை சென்னையில்தான் என்றும் இல்லை. டெல்லியோ கொல்கத்தாவோ போடுவார்கள். பிடிக்காவிட்டால் உடனே மாறவும் முடியாது. கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ், சில இடங்களில் பாண்ட் வேறு.

பெண் பிள்ளை என்பதால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்தியாவில் பைலட்டுகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலகில் வேறெங்கும் இவ்வளவு பேரைப் பார்ப்பது அரிது. ஒரே ஒரு விஷயத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் ஓட்ட முடியாது, பறக்கும் மணிநேரத்துக்கான பணம் அந்த மாதங்களில் வராது. கடன் தவணை முடியும் வருஷத்தையும் அதையும் சேர்த்து அவளே யோசிக்கட்டும்.

கடைசியாக, உடம்பு. விமானம் ஏறுவதற்கு முன் ஊதிக் காட்ட வேண்டும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூடக் கூடாது. கிளாஸ் 1 மெடிக்கல் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை உண்டு, 65 வயது வரை ஓட்டலாம் என்பது அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும் வரைதான். எனக்கு 54 வயதில் இசிஜி-யில் ஒரு மாற்றம். வலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன். காலையில் கேப்டனாகப் போனவன் மாலையில் ஓட்டத் தகுதியில்லாதவனாகத் திரும்பினேன். லைசென்ஸ் பறிபோனால் பணம் தரும் இன்சூரன்ஸ் எடுத்திருந்ததால் வீட்டுத் தவணை நிற்கவில்லை. உங்கள் மகள் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளாஸ் 2 மெடிக்கலுக்கு நாள் வாங்குங்கள். அந்த ஆலோசனை மையத்திலிருந்து மறுபடி போன் வந்தால், கிளாஸ் 1 முடிந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், எந்தப் பள்ளி, எந்த வங்கி என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.