ஒரு கிருமிக்கு இரண்டு பெயர் ஏன்?

கேள்வி: படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் தந்தை காய்ச்சலோடு வைத்தியசாலையில் இருந்தபோது, குருதிப் பரிசோதனை அறிக்கை முதலில் ‘சூடோமோனாஸ்’ என்றும், சில நாட்களின் பின் ‘பேர்கோல்டேரியா சூடோமல்லி’ என்றும் வந்தது. பற்றீரியாவை அதன் இரசாயனத்தைக் கொண்டு இனங்காணலாம் என்கிறார்களே, பிறகு ஏன் இந்தக் குழப்பம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டாவது பெயர் மெலியோய்டோசிஸ் நோயைத் தருகின்ற, வயற்சேற்றில் வாழும் கிருமிக்குரியது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் சிவப்பாகச் சாயமேறிய சிறு கோல்களாகவே தெரியும். கிருமியிலுள்ள ஒரு நொதியைத் தேடும் ஒட்சிடேசுச் சோதனையும் பெரும்பாலும் ஒரே விடையையே தரும். ஆகவே முதல் அறிக்கையை எழுதியவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

இரசாயன முறைகளுள் பழையது கொழுப்பமிலப் பகுப்பு. அகார் தட்டில் 28 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வளர்ந்த கிருமியில் ஏறத்தாழ 40 மில்லிகிராமை வழித்தெடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டு கலந்த மெதனோலில் 100 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்கினால் கொழுப்பமிலங்கள் பிரிந்து வரும். பின்னர் ஐதரோகுளோரிக் அமிலமும் மெதனோலும் சேர்த்து 80 பாகையில் 10 நிமிடம் வைக்க, அவை எளிதில் ஆவியாகும் மெதைல் எசுத்தர்களாக மாறும். கரைப்பான் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினால் குழாயின் மேலே தெளிந்த படை ஒன்று மிதக்கும். அதை வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தும்போது, 9 முதல் 20 வரையான காபன் அணுக்களைக் கொண்ட அமிலங்கள் ஒவ்வொன்றும் வரைபில் தனித்தனி முகடாகப் பதிவாகும். அந்த முகடுகளின் கோலத்தைக் கொண்டே கிருமியை இனங்காண்பார்கள். வெப்பநிலையோ வளர்ப்பூடகமோ மாறினால் கிருமி தன் மென்சவ்வின் கொழுப்பையும் மாற்றிக்கொள்ளும். அதனாலேயே இவ்வளவு கண்டிப்பு.

இன்று பெரிய ஆய்வுகூடங்களில் உள்ள மால்டி-டொஃப் கருவி, கிருமியின் புரதங்களை லேசர் ஒளியால் அயனாக்கி, அவற்றின் திணிவைச் சில நிமிடங்களில் அளந்துவிடும். ஆயினும் எந்த முறையிலும் கிடைக்கும் கோலத்தைக் கருவியின் தரவுத்தொகுதியோடு ஒப்பிட்டே பெயர் சொல்ல வேண்டும். அத்தொகுதியில் சூடோமல்லி இல்லாவிட்டால், கருவி அதன் நெருங்கிய உறவான, நோய் விளைவிப்பது மிக அரிதான ‘தாய்லாந்தென்சிஸ்’ இனத்தின் பெயரைத் தந்துவிடக்கூடும். பிழையான பெயர்களுக்கு இதுவே முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

ஆகவே பரிசோதனைப் படிவத்தில் ‘வயல் வேலை செய்பவர்’ என்று எழுதும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். அதைக் கண்டால் ஆய்வுகூடத்தார் மாதிரியைப் பாதுகாப்புப் பேழைக்குள் வைத்தே கையாள்வார்கள். கிருமி வளரும் தட்டில் மூன்று நுண்ணுயிர்கொல்லி வில்லைகளையும் இட்டுப் பார்ப்பார்கள். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமொக்சிகிளாவைச் சுற்றி மட்டும் வளராதிருந்தால், எந்தக் கருவியும் பெயர் சொல்வதற்கு முன்பே சூடோமல்லி என்று சந்தேகித்து வைத்தியருக்கு அறிவித்துவிடலாம்.